பெயர், முகவரி, காரணம்

கரோலினுக்கு நாற்பத்தாறு வயது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் வாசலிலிருந்து ராயபுரம் பக்கமாகத் திரும்பி, ஐஸ் உடைக்கும் இடத்தைத் தாண்டினால் மூன்றாவது சந்தில் அவருடைய கடை. பெயர்ப்பலகை கிடையாது. யாரிடம் விசாரித்தாலும், "போர்டு பாக்கற அக்காவா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வழி காட்டுவார்கள்.

போர்டு பார்க்கக் கற்றுக்கொண்டது கம்பெனியில். பத்தொன்பது வயதில், எண்ணூர் நெடுஞ்சாலையில் டிவிக்கு சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். முதல் இரண்டு வருடம் பெல்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு பாகத்தைச் செருகும் வேலை. பிறகு, தேறாமல் திரும்பி வரும் போர்டுகளைச் சரிசெய்யும் மேஜைக்கு மாற்றினார்கள். எங்கே கோளாறு என்று தேடிப் பிடிப்பது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பதினான்கு வருடம் அந்த மேஜையிலேயே இருந்தார். கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனபோது, கூட வேலை பார்த்த பெண்கள் துணிக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போனார்கள். கரோலின் ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கிக்கொண்டு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்துவிட்டார்.

மிக்ஸி, ரேடியோ என்றுதான் ஆரம்பம். ஒருநாள் விசைப்படகிலிருந்து ஒரு வயர்லெஸ் செட் வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே உப்பு பூத்துப் பச்சையாகக் கிடந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, அரித்துப்போன கோடுகளுக்கு மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தார். செட் பேசியது. அதற்குப் பிறகு படகுக்காரர்கள் வேறு கடை தேடவில்லை. கணவர் ஆண்ட்ரூ துறைமுகத்தில், கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்களை அசையாமல் கட்டும் வேலையில் இருக்கிறார். காலையில் அவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது கரோலின் ஷட்டரைத் தூக்குவார்.

இந்தக் கதை ஒரு ஜனவரி மாதம் தொடங்கியது. சாவியோ என்று ஒரு படகு டிரைவர். கரோலின் போகும் அதே மாதா கோவிலுக்குப் போகிற குடும்பம். அவருடைய படகில் இருந்த ஃபிஷ் ஃபைண்டரின் திரை உடைந்துவிட்டது. கடலின் ஆழம், அடியில் இருக்கும் பாறை, மீன் கூட்டம் எல்லாவற்றையும் திரையில் காட்டும் பெட்டி அது. கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனார். அந்த மாடல் நின்றுபோய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். தண்ணீரில் விழுந்து செத்த அதே மாடல் பெட்டி ஒன்று அவருடைய மச்சானிடம் கிடந்தது. இரண்டையும் ஒரு சாக்கில் போட்டுக் கரோலினிடம் கொண்டுவந்தார்.

"இதுல கீற ஸ்கிரீன கழட்டி அதுல மாட்டிக் குட்துடுக்கா. சிம்பிள் மேட்டரு."

கரோலினும் அப்படித்தான் நினைத்தார். அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டார். பெட்டியை ஆன் செய்ததும் திரை அழகாக ஒளிர்ந்தது. கம்பெனியின் சின்னம் வந்தது. அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது: அங்கீகரிக்கப்படாத உதிரிபாகம், சர்வீஸ் சென்டரை அணுகவும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அந்த வரி போகவில்லை.

கோளாறு என்றால் கரோலினுக்குத் தெரியும். இங்கே கோளாறே இல்லை. எல்லாம் நன்றாக இருந்தும் பெட்டி வேலை செய்ய மறுத்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. மூன்று நாள் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், திரையின் பின்பக்கம் எட்டுக் கால் வைத்த ஒரு சின்ன சிப் கண்ணில் பட்டது. அரிசியில் பாதி இருக்கும். திரைக்கென்று ஒரு எண் அதில் எழுதப்பட்டிருந்தது. பெட்டி தன்னுடைய பழைய திரையின் எண்ணைத் தேடுகிறது, வேறு எண் வந்தால் கதவைச் சாத்திவிடுகிறது. உடைந்த திரையில் இருந்த சிப்பைச் சூடுகாட்டிக் கழற்றி, புதுத் திரையில் வைத்துப் பற்றவைத்தார். ஆன் செய்தார். ஆழம் காட்டும் கோடு ஓட ஆரம்பித்தது.

"யக்கா, நீ கில்லாடிக்கா!" என்று சாவியோ பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

ஒரே மாதத்தில் அதே மாடல் பதினோரு பெட்டிகள் வந்தன. திரை உடைவது படகில் சகஜம். செத்துப்போன பழைய பெட்டிகளிலிருந்து திரையை எடுத்து, கரோலின் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அதில் ஒரு படகுக்காரர், வேறு ஏதோ கோளாறுக்காகப் பெட்டியை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போயிருக்கிறார். அங்கே திறந்து பார்த்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு, யார் செய்தது என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பெருமையாகக் கரோலின் பெயரையும் சந்தின் பெயரையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

பிப்ரவரியில் பதிவுத் தபால் வந்தது. நான்கு பக்க வக்கீல் நோட்டீஸ், ஆங்கிலத்தில். ஆண்ட்ரூ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றது.

"இன்னாபா போட்டுகீது?" என்றார் கரோலின்.

"காப்பிரைட் சட்டமாம். பெட்டிக்குள்ள ஓட்றது அவங்க எழுதுன புரோகிராமாம். அதுக்குப் போட்ட பூட்ட நீ ஒட்ச்சிட்டியாம்." நோட்டீஸை மேஜைமேல் வைத்தார். "ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள போடலாம்னு கீது, கரோ."

கரோலின் அதுவரை காப்பிரைட் என்ற சொல்லை சினிமாவோடும் பாட்டோடும் மட்டும்தான் சேர்த்துக் கேட்டிருக்கிறார். ஸ்க்ரூ டிரைவரோடும் அதைச் சேர்க்கலாம் என்று யாரும் சொன்னதில்லை. புழல் ஜெயிலில் கணவன் இருக்கும் ஒரு பெண் அதே தெருவில் குடியிருந்தாள். வாரம் ஒருமுறை மனு போட்டுப் பார்க்கப் போவாள். கரோலினுக்கு அவள் முகம்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு மாலையே, கடையில் காத்திருந்த நான்கு ஃபைண்டர்களைத் திரும்பக் கொடுத்தனுப்பிவிட்டார்.

அந்த நான்கில் ஒன்று மறுபடியும் சாவியோவுடையது. இரண்டாவது படகுக்காக வாங்கியிருந்தார். அது இல்லாமலே அந்தப் படகு கடலுக்குப் போனது. பழவேற்காட்டுக்கு நேரே எங்கோ அடியில் கிடந்த பாறையில் வலை மாட்டி, பாதி அறுந்துபோய்த் திரும்பி வந்தார்கள். கரோலின் விஷயம் தெரிந்து மீன் ஏலக்கூடம் வரைக்கும் போய் சாவியோவைப் பார்த்தார். வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நான் செஞ்சு குடுத்திருந்தா இது ஆயிருக்காதுல்ல?" என்றார் கரோலின்.

"இன்னாக்கா பேசற நீ? ஒன்ன ஜெயில்ல போட்டுட்டு நாங்க மீன் புடிக்கணுமா? வலை போனா கட்டிக்கலாம்." அறுந்த முனையை உதறிக்கொண்டே, "ஆனா ஒண்ணுக்கா. என் பொட்டிய ரிப்பேர் பண்றதுக்கு அவன் எதுக்குக்கா கேஸு போட்றான்? அதான் எனக்கு வெளங்கல" என்றார்.

அந்தக் கேள்வி கரோலினைவிட்டுப் போகவில்லை. பயத்தைவிட அது பெரிதாக வளர்ந்தது. ஆண்ட்ரூவோடு வேலை பார்க்கும் ஒருவர், திருவொற்றியூர் கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையம் இருப்பதாகச் சொன்னார். நோட்டீஸை எடுத்துக்கொண்டு, கரோலின் பஸ் ஏறிப் போனார்.

அங்கே இருந்த வக்கீல் மெஹ்னாஸ். முப்பது வயதிருக்கும். நோட்டீஸை முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, உண்மைய சொல்றேன். குடும்ப கேஸு, வாடகை கேஸு, விபத்து கேஸு பாத்திருக்கேன். இந்த மாதிரி ஒண்ணு எங்கிட்ட வந்ததே இல்ல. எனக்கு ரெண்டு நாள் டைம் குடுங்க. அதுக்குள்ள இவங்களுக்கு எதுவும் எழுதிக் குடுத்துடாதீங்க."

தெரியாது என்று சொன்னதாலேயே கரோலினுக்கு அந்தப் பெண்மேல் நம்பிக்கை வந்தது. கம்பெனி மேஜையிலும் அப்படித்தான். பார்த்தவுடனே கோளாறைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தப்பாகச் சொல்வார்கள்.

இரண்டு நாள் கழித்து மெஹ்னாஸே கடைக்கு வந்துவிட்டார். கையில் சட்டப் புத்தகத்தின் நகல், அதில் மஞ்சள் கோடு. ஸ்டூலில் உட்கார்ந்து, முதலில் சிப்பைக் காட்டச் சொன்னார். பூதக்கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத மாத்தினப்போ அவங்க புரோகிராம காப்பி பண்ணீங்களா?"

"இல்லம்மா. அது வேற எடத்துல கீது. அத நான் தொடவே இல்ல."

"யாருக்காவது வித்தீங்களா?"

"எதுக்கு விக்கறேன்? அவங்கவங்க பொட்டி, அவங்கவங்க சிப்பு. அங்க இருந்தத இங்க வெச்சேன்."

மெஹ்னாஸ் தாளை விரித்தார். "அறுபத்தஞ்சு-ஏ-ன்னு ஒரு பிரிவு. அவங்க நோட்டீஸ்ல பாதியத்தான் எழுதியிருக்காங்க. உரிமைய மீறணும்ங்கிற எண்ணத்தோட பூட்ட உடைச்சாதான் குத்தம். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காக உடைச்சா குத்தம் இல்ல. தன் பெட்டிய ரிப்பேர் பண்றது தப்புன்னு இந்தச் சட்டத்துல எங்கயும் இல்ல. ஆனா அக்கா, இதுல ஒரு நிபந்தனை இருக்கு. அடுத்தவங்களுக்காக நீங்க செஞ்சு குடுத்தா, அவங்க பேரு, முகவரி, அடையாளம், எதுக்காகச் செஞ்சீங்கங்கிற காரணம், எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கணும்."

"அவ்ளோதானா?" என்றார் கரோலின்.

"அவ்ளோதான்னு சொல்லிட முடியாது. கோர்ட்டுல எப்படி எடுத்துப்பாங்கன்னு என்னால உறுதி குடுக்க முடியாது. இந்த மாதிரி பெட்டி விஷயத்துல தீர்ப்பு எதுவும் எனக்குக் கிடைக்கல. ஆனா எழுதி வெச்சவங்க கை பலமா இருக்கும்."

கரோலின் எழுந்துபோய், தெருமுனைக் கடையில் நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தார். ஸ்கேல் வைத்துப் பத்திகள் பிரித்தார். தேதி, பெயர், முகவரி, ஆதார் கார்டின் கடைசி நான்கு எண், என்ன சாமான், என்ன காரணம். ஏற்கெனவே செய்து கொடுத்த பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். காரணத்தை மட்டும் அவரவர் கையாலேயே எழுத வேண்டும் என்று வைத்தார். முதலில் வந்தது சாவியோ. பேனாவை வாங்கிக்கொண்டு யோசித்து யோசித்து எழுதினார்: "பொட்டி என்னுது. ஸ்கிரீன் உடஞ்சது. கடல்ல பாறை எங்க கீதுன்னு பாக்கணும்."

ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. இரண்டு மாதம் விசைப்படகுகள் எல்லாம் கரையில். படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், இன்ஜினைப் பிரிக்கிறார்கள், வலை பின்னுகிறார்கள். ரிப்பேர் சாமான்களெல்லாம் கரோலின் கடைக்கு வந்துவிடும். அந்த வருடம் நோட்டு வேகமாக நிரம்பியது. வந்தது ஃபைண்டர் மட்டுமல்ல. காலடிப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சொக்கம்மாள் ஒரு பிரின்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே மை இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில் நிரப்பிய மை என்பதால் அச்சடிக்க மாட்டேன் என்றது அது. காரணப் பத்தியில், "பரீட்சை நேரம். பசங்க ஹால் டிக்கெட்டு எடுக்க வரிசையா நிக்கிறாங்க" என்று எழுதினார். வியாசர்பாடியிலிருந்து குத்துச்சண்டை கிளப்காரர்கள் ஒரு கடிகாரம் கொண்டுவந்தார்கள். ரவுண்டு முடிந்ததும் மணி அடிக்கும் பெட்டி. ரிமோட் தொலைந்துவிட்டது, வேறு ரிமோட்டை அது ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் எழுதிய காரணம்: "மணி அடிக்காததால் யாரும் நிறுத்த மாட்டேங்கிறாங்க." கரோலின் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

எல்லாருக்கும் அவர் செய்து கொடுக்கவில்லை. ஒருநாள் ஒருவன் மூன்று செல்போன்களைக் கொண்டுவந்து பூட்டைத் திறந்து கொடுக்கச் சொன்னான். நோட்டை நீட்டியதும், "பேருல்லாம் எதுக்கு? வேலைய முடிங்க" என்றான். "பேரு எழுத முடியலன்னா வேலையும் கெடயாது, எட்துகினு கெளம்பு" என்றார் கரோலின். இன்னொருவர், தெரிந்தவர்தான், புதுப்படமெல்லாம் சும்மா பார்க்கும்படி டிவி பெட்டி ஒன்றை மாற்றித் தரக் கேட்டார்.

"அது ஒன் பொட்டிதான், நைனா. ஆனா படம் ஒன்னுது இல்ல. அத நான் செய்ய மாட்டேன்."

"இன்னாக்கா, ஃபைண்டர்ல மட்டும் பூட்ட ஒடைக்கற?"

"அவன் கடலுக்குப் போறதுக்கு ஒடைக்கறேன். நீ எதுக்குக் கேக்கறன்னு நோட்டுல எழுது பாப்போம்." அவர் எழுதவில்லை. ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜீப் வந்து சந்தின் வாயில் நின்றது. ஒரு பெண் எஸ்.ஐ., கூடவே கம்பெனியின் ஏரியா மேனேஜர். கரோலின் கையில் அயர்ன் சூடாக இருந்தது. அதை ஸ்டாண்டில் வைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கினார். ஆண்ட்ரூ ஷிப்டில் இருந்தார். மெஹ்னாஸுக்கு போன் போட்டார். கோர்ட்டில் இருந்ததால் எடுக்கவில்லை.

"இவங்க புகார் குடுக்கணும்ங்கிறாங்க. நீங்க என்ன செய்றீங்கன்னு நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் எஸ்.ஐ.

கரோலின் நோட்டை எடுத்து அவர் முன் வைத்தார். எஸ்.ஐ. முதலில் நின்றபடி புரட்டினார். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டார். பக்கம் பக்கமாகப் படித்தார். குத்துச்சண்டை மணியில் அவருக்கும் உதட்டோரம் லேசாக அசைந்தது.

மேனேஜர் பொறுமையிழந்தார். "மேடம், இதெல்லாம் அவங்களா எழுதிக்கிட்டது. பெட்டி இவங்க வாங்கினது, சரி. ஆனா உள்ள ஓடுற சாஃப்ட்வேர் எங்க கம்பெனியோடது. அத உபயோகிக்க அனுமதிதான் குடுத்திருக்கோம், விக்கல."

கரோலின் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சார், உங்க புரோகிராம நான் பாத்ததுகூட இல்ல. அது ஒழுங்கா ஓடிகினுதான் இருந்துச்சு. ஒடஞ்சது ஸ்கிரீனு. நீங்க மாத்திக் குடுங்கன்னு இவங்க உங்ககிட்டதான் மொதல்ல வந்தாங்க. மாடல் நின்னு போச்சு, புதுசு வாங்குன்னு சொல்லி அனுப்பினீங்க. நீங்களும் செய்ய மாட்டீங்க, நானும் செய்யக் கூடாதுன்னா, அந்தப் பொட்டி இன்னாதான் சார் பண்ணும்?"

மேனேஜர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. நோட்டை மூடி, கரோலினிடமே கொடுத்தார்.

"நீங்க எழுத்துமூலமா புகார் குடுங்க சார், வாங்கிக்கிறேன். ஆனா விசாரணைன்னு வந்தா இந்த நோட்டுல இருக்கிற படகுக்காரங்க அத்தனை பேரையும் கூப்பிட்டுக் கேக்கணும். ஒவ்வொருத்தரும் உங்க சர்வீஸ் சென்டர்ல என்ன சொன்னாங்கன்னு சொல்லுவாங்க. அதுவும் பதிவாகும். உங்க ஆபீஸ்ல பேசிட்டு வாங்க."

ஜீப் போன பிறகு கரோலின் உட்கார்ந்து அழுதார். துக்கமில்லை. இத்தனை நாள் இறுக்கிப் பிடித்திருந்தது தளர்ந்துபோன அழுகை. எதிர்வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சாயங்காலம் ஆண்ட்ரூ வந்து நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நோட்டு தீந்துடும்போலகீதே, இன்னொண்ணு வாங்கி வெச்சுக்க" என்றார்.

மெஹ்னாஸ் வேறொன்று செய்தார். படகு உரிமையாளர் சங்கத்தில் பேசி, நோட்டில் இருந்த படகுக்காரர்களில் சம்மதித்த நாற்பத்தொரு பேரின் காரணங்களையும் தட்டச்சு செய்து, அவர்கள் கையெழுத்தோடு கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதில் நோட்டீஸாக அனுப்பினார். ரிப்பேருக்கு வழி செய்யாவிட்டால் இத்தனை பேரும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவார்கள் என்று கடைசிப் பத்தியில் இருந்தது. புகார் எதுவும் காவல் நிலையத்துக்கு வரவில்லை. மூன்று வாரம் பதிலும் வரவில்லை. ஜூன் முதல் வாரம், தடைக்காலம் முடியப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு மெயில் வந்தது. பழைய மாடலுக்குப் புதுத் திரையைப் பெட்டியோடு இணைக்கும் மென்பொருளைத் தர கம்பெனி சம்மதிக்கிறது; அதைச் சொல்லித் தர ஒரு இன்ஜினியர் வருவார்; முந்தைய நோட்டீஸ் திரும்பப் பெறப்படுகிறது. புது மாடல்களைப் பற்றி மெயிலில் ஒரு வார்த்தை இல்லை.

வந்த இன்ஜினியர் தவசிமுத்து, தூத்துக்குடிக்காரர். லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, கரோலின் செய்த ஒரு பெட்டியைக் கழற்றிக் காட்டச் சொன்னார். சிப்பின் எட்டுக் கால்களையும் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"யக்கா, இத கையாலயா வச்சீங்க?"

"பின்ன காலாலயா வெப்பாங்க?"

"எங்க ஆபீஸ்ல ரெண்டு பேருக்குத்தான்க்கா இது வரும். எனக்கு வராது." குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். "லேப்டாப் மக்கர் பண்ணுனா நாங்களும் இப்படித்தான் மாத்துவோம்."

கரோலின் முன்பே திரை மாற்றி வைத்திருந்த பத்தொன்பது பெட்டிகளை அன்று மத்தியானத்துக்குள் இரண்டு பேருமாக இணைத்து முடித்தார்கள். மென்பொருளில் ஒரு பெட்டிக்கு நான்கு நிமிடம்தான். சிப்பைக் கழற்றி வைக்க இரண்டு மணி நேரம் ஆகும். கரோலினுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. கண்ணுக்கு நல்லது என்றார். சாப்பாட்டுக்கு ஆண்ட்ரூ வாங்கி வந்த வஞ்சிரம் வறுவலை, ஊர் மீன் போல இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே மூன்று துண்டு சாப்பிட்டார் தவசிமுத்து. புது மாடலில் பூட்டு எப்படி என்று கரோலின் கேட்டார். அது தனக்கே திறக்காது, பெட்டி நேராகத் தலைமை அலுவலகத்தைக் கேட்டுத்தான் திறக்கும் என்றார் அவர். அந்த மாடலுக்காக ஆறு படகுக்காரர்கள் மெஹ்னாஸ் மூலம் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். முதல் விசாரணை ஆகஸ்டில்.

கரோலினும் சாட்சி சொல்லப் போகிறார். நீதிபதி முன்னால் பேசிப் பழக்கமில்லையே என்று ஆண்ட்ரூ கவலைப்பட்டபோது, "நோட்டுல கீறத படிக்கப் போறேன், இதுல இன்னா பேஜாரு?" என்றார். ஜூன் பதினைந்தாம் தேதி விடிவதற்கு முன்பே காசிமேட்டிலிருந்து படகுகள் கிளம்பிவிட்டன. ஒன்பது மணிவாக்கில், நடுக்கடலிலிருந்து சாவியோ வயர்லெஸ்ஸில் கரையில் இருந்த மச்சானிடம் பேசியிருக்கிறார். மச்சான் கடைக்கு வந்து சொன்னார்: "ஃபைண்டர்ல கூட்டம் கூட்டமா மீனு தெரிதாம். அக்காகிட்ட சொல்லச் சொன்னான்."

கரோலின் சரி என்று தலையாட்டிவிட்டு, எண்ணூரிலிருந்து ஒரு கர்ப்பிணிப்பெண் கொண்டுவந்திருந்த பிரஷர் பார்க்கும் கருவியைத் திறக்க ஆரம்பித்தார்.